நூல்நிலையமும் நாணய சங்கமும்

(கூட்டுறவு சங்க அங்கத்தினர் கூட்டத்திற்கான சொற்பொழிவு)



1844-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், இங்கிலாந்து தேசத்து ராச்டேல் என்னும் ஊரில், 28 பேர் கூடிப் பங்குபோட்டுச் சேர்த்த 28 பவுன் மூலதனத்தைக்கொண்டு ஒரு சிறு கடையைத் திறந்தார்கள் என்பதும், கூட்டுறவு இயக்கம் உலகெங்கும் பரவுவதற்கு அக்கடையே வித்தாயிற்று என்பதும் அங்கத்தினர் பலரும் கேட்டறிந்த வரலாறு. அவர்களிற் பலர் நெசவாளிகள். கலப்படமில்லாத மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் நியாயமான விலைக்குக் கிடைக்க வேண்டுமென்பதே அவர்களுடைய முதல் நோக்கம். ஆயினும் அவ்வரலாற்றில் அவ்வளவாகச் சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. கடை ஆரம்பித்துச் சில வருஷங்களுக்குள்ளாகவே அவர்கள் பத்திரிகை வாசிக்க ஓர் அறையையும் ஒரு நூல்நிலையத்தையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். பின்னர், சங்கத்தின் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்றே ஒதுக்குவதென்றும் தீர்மானித்தார்கள்.

காலணாவுக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய நிலையிலிருந்தவர்கள் புத்தகத்திற்குப் பணம் ஒதுக்கியது ஏன் என்பது யோசிக்கத்தக்கது. கூட்டுறவு சங்கத்தில் முதலாளியும் அங்கத்தினரே, வாடிக்கைக்காரரும் அங்கத்தினரே. வரவுசெலவு அறிக்கையை வாசித்தறிய இயலாத அங்கத்தினர் பேருக்கு மட்டுமே முதலாளியாவார். உபவிதிகளைப் பிறர் சொல்லக் கேட்டுக் கை தூக்குகிறவர், தம்முடைய உரிமையைத் தாமறியாமலே பிறர் கையில் ஒப்படைத்துவிடுகிறார். ஆரம்ப பாடசாலையில் ஐந்து வருஷம் படித்த பிள்ளை, அதன்பின் வாசிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமற்போனால், முப்பது வயதில் தன் பாஸ்புத்தகத்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. உழாத கொழு துருப்பிடிப்பதைப்போலவே, பழகாத எழுத்தும் மங்கிப்போகிறது. அவ்வாறு மங்காமல் காக்கவல்லது ஊரிலுள்ள நூல்நிலையமே.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழுவதுண்டு. புத்தகத்தின்மீது ஆசை என்பது பிறவியிலேயே அமைய வேண்டும். அது பண்டிதருக்கும் ஓய்வுள்ளவருக்கும் உரியது. குடியானவருக்கு அதனால் ஆவதென்ன என்பார்கள். இதற்குச் சரியான விடை ஒருவருடைய வாழ்க்கையிலிருந்தே கிடைக்கிறது. அவர் தஞ்சை ஜில்லா சீர்காழியில் 1892-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் பிறந்த சீர்காழி இராமாமிருத ரங்கநாதன். இந்திய நூல்நிலைய இயக்கத்தின் தந்தை என்று தேசமெங்கும் போற்றப்படுகிற அவருங்கூட, நூல்நிலையத்தின்மீது காதல் கொண்டு அத்தொழிலுக்கு வந்தவர் அல்லர்.

அவருடைய தந்தையார் இராமாயணத்தைப் படித்துச் சிறு கூட்டங்களில் பொருள் சொல்லும் வழக்கமுள்ளவர். அத்தந்தையாரை ரங்கநாதன் சிறு பிராயத்திலேயே இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் கணிதம் பயின்று பட்டம் பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், பிறகு சென்னை இராஜதானிக் கலாசாலையிலும் கணித ஆசிரியராக இருந்தார். பாடஞ் சொல்வதே அவருக்கு உயிராக இருந்தது. 1924-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூல்நிலையத் தலைவராக நியமனம் பெற்றார். சம்பளம் உயர்ந்தது; மனமோ நிலைகொள்ளவில்லை. மாணவர் நிறைந்த வகுப்பில் பேசிப் பழகியவருக்கு ஆளரவமற்ற அறையில் அலமாரிகளுக்கிடையே அமர்ந்திருப்பது சிறைவாசமாகத் தோன்றிற்று. சில தினங்களுக்குள்ளாகவே பழைய வேலைக்குத் திருப்பியனுப்பும்படி கேட்டுக்கொண்டார். அதிகாரிகள் ஒரு சமாதானம் சொன்னார்கள். நூல்நிலையப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்குப் போய்வர ஏற்பாடு ஆகியிருந்தது. போய்வந்த பிறகும் இதில் மனம் செல்லாவிட்டால் ஆசிரியர் வேலைக்கே திரும்பலாம் என்றார்கள். அவரும் இசைந்து கப்பலேறினார்.

லண்டனில் அவர் கல்வி கற்றது சர்வகலாசாலைக் கலாசாலையில். அவருக்கு வழிகாட்டிய ஸேயர்ஸ் என்பவர் க்ராய்டன் நகரப் பொது நூல்நிலையத்தின் தலைவர். வகுப்பறைப் பாடத்தைவிட, ஊர் ஊராகச் சென்று நூல்நிலையங்களைக் கண்ட காட்சியே ரங்கநாதனுடைய மனத்தை மாற்றிற்று. வேலை முடிந்த தொழிலாளி வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு புத்தகத்தை எடுத்துச் செல்வதையும், இல்லத்தரசிகள் வந்து கேட்டு வாங்கிப்போவதையும், சிறுவர்களுக்கென்று தனியறை இருப்பதையும் அவர் கண்டார். எவரும் யாருடைய தயவையும் நாடி அங்கு வரவில்லை; தாங்கள் கொடுக்கும் வரியால் நடக்கும் ஸ்தாபனத்திற்கு உரிமையோடு வந்தார்கள். சென்னையில் தாம் கண்ட ஆளற்ற அறை நூல்நிலையமே அன்று, அது புத்தகங்களின் சேமிப்புக் கிடங்கு என்பது அவருக்கு அப்போது விளங்கிற்று. ஆசிரியர் சில மாணவருக்குச் சில வருஷம் கற்பிக்கிறார். நூல்நிலையமோ ஊரார் அனைவருக்கும் ஆயுள் முழுவதும் கற்பிக்கிறது. 1925-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் திரும்பி வந்தவர் ஆசிரியர் வேலையை மறுபடியும் கேட்கவில்லை.

புத்தகங்களை வகைப்படுத்தி வைக்கும் முறையிலும் அவருக்கு ஒரு புதுவழி அங்கேதான் தோன்றிற்று. லண்டன் கடை ஒன்றில், துளையிட்ட சிறு உலோகத் தகடுகளும் திருகாணிகளும் கொண்ட மெக்கானோ என்னும் விளையாட்டுப் பெட்டியை அவர் கண்டார். அதே துண்டுகளை ஒருவிதமாக இணைத்தால் வண்டி. வேறுவிதமாக இணைத்தால் பாலம். நூல்களின் பொருளையும் அவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைத்துக் குறிக்கலாமென்று அவர் கண்டுகொண்டார். நெற்பயிரின் நோயைப் பற்றிய புத்தகம் ஒன்று வந்தால், வேளாண்மை என்பது துறை, நெல் என்பது பயிர், நோய் என்பது கேள்வி. இம்மூன்றையும் எண்களாலும் முக்காற்புள்ளியாலும் இணைத்துவிட்டால், அப்புத்தகத்தின் இடம் தானே அமைந்துவிடும். நெல் நோயைத் தேடுகிறவர் கரும்பு நோய்ப் புத்தகங்களைப் புரட்டிக் காலங்கழிக்க வேண்டியதில்லை. கோலன் பகுப்பு முறை எனப்படும் இம்முறை 1933-இல் அச்சாகி வெளிவந்தது.

சென்னைக்குத் திரும்பியதும் அவர் முதலில் செய்த வேலை, புத்தகத்துக்கும் வாசகருக்கும் இடையிலிருந்த தடைகளை ஒவ்வொன்றாக நீக்கியதாகும். வாசகர்கள் அலமாரிகளருகே தாங்களே சென்று புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்கலாமென்று ஏற்படுத்தினார். நூல்நிலையம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். விடுமுறை தினங்கள்தாம் ஜனங்களுக்கு ஓய்வுள்ள தினங்கள் என்பதால் அன்றும் கதவு திறந்திருக்க வேண்டுமென்றார். 1928-இல் சென்னை நூல்நிலைய சங்கம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்து, அடுத்த வருஷம் நூல்நிலைய ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பையும் ஆரம்பித்தார். சென்னையிலிருந்த ஏறத்தாழ இருபது வருஷ காலத்தில் அவர் ஓய்வென்று விடுப்பு எடுத்துக்கொண்டதில்லை என்று அவரை அறிந்தோர் எழுதியிருக்கிறார்கள்.

1931-இல் அவர் வெளியிட்ட நூலொன்றில் நூல்நிலைய வேலை முழுவதையும் ஐந்து விதிகளில் அடக்கினார். அவை படித்தவர்களுக்கே விளங்கும் சாஸ்திர விதிகள் என்று அஞ்ச வேண்டியதில்லை. கிராமத்து அனுபவத்துக்குள் அடங்காதது அவற்றில் ஒன்றுமில்லை.

முதல் விதி, புத்தகம் உபயோகத்துக்காக ஏற்பட்டது என்பதே. இதைச் சொல்லவும் வேண்டுமோ என்று தோன்றலாம். முற்காலத்து ஐரோப்பாவில் புத்தகங்களைப் பலகையோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். இன்றும் கிராமத்துப் பீரோக்கள் சிலவற்றில் சங்கிலிக்குப் பதிலாகப் பூட்டு தொங்குகிறது. சாவியோ வெளியூர் சென்ற காரியதரிசியின் மடியில் இருக்கிறது. புத்தகம் கிழிந்துவிடுமே என்று காப்பவர், விதைநெல்லை விதைக்காமல் குதிரிலேயே வைத்துப் புழுக்கச் செய்பவரை ஒப்பார்.

இரண்டாம் விதி, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவரவர்க்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது. பண்டிதருக்கு ஒரு நூல்நிலையம் போதுமென்றால், கிணறு வெட்டுகிறவருக்கும் மாடு வளர்க்கிறவருக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் பள்ளிச் சிறுமிக்கும் அதே நூல்நிலையம் பயன்பட வேண்டாமா? எழுத்தறியாதவரும் வாசகரே. மாலையில் ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்பது தமிழ்நாட்டுத் திண்ணைகளுக்குப் புதிதன்று. பாரதமும் இராமாயணமும் அவ்வாறுதான் எழுதப் படிக்கத் தெரியாத லட்சக்கணக்கான பேரின் நெஞ்சில் குடிபுகுந்தன. கேட்கும் பழக்கம் இன்னும் மாறாத ஊரில், வேளாண்மைச் செய்தியையும் சுகாதாரச் செய்தியையும் அவ்வாறே படித்துக் காட்டலாம்.

மூன்றாம் விதி, புத்தகம் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் வாய்க்க வேண்டும் என்பது. இதற்குக் கும்பகோணத்திலேயே அழியாத சான்று இருக்கிறது. கார் என்னும் ஆங்கிலேயர், பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்காக ஆயிரக்கணக்கான கணித முடிவுகளை வரிசையாகத் தொகுத்து ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அது பெரும்புகழ் பெற்ற நூலன்று. கும்பகோணம் அரசாங்கக் கலாசாலை நூல்நிலையத்தில் இருந்த அதன் பிரதி, 1903-ஆம் வருஷ அளவில் இரவலாக ஒரு பள்ளி மாணவரின் கைக்கு வந்தது. அவர் ஸ்ரீநிவாச ராமானுஜன். அப்புத்தகத்திலுள்ள முடிவுகளை ஒவ்வொன்றாகத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கியவர், அவற்றையும் கடந்து புதியன கண்டு உலகத்துக் கணித மேதைகளின் வரிசையில் சேர்ந்தார். அலமாரியில் இருந்தவரை அது சாதாரணப் புத்தகம்; உரியவர் கையில் சேர்ந்ததும் அதன் மதிப்புக்கு அளவில்லாமற்போயிற்று. எந்தக் கிராமத்தில் எந்தப் பிள்ளைக்காக எந்தப் புத்தகம் காத்திருக்கிறதென்று முன்கூட்டி அறிந்தவர் ஒருவருமில்லை. ஆகையால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அலமாரியைத் திறந்து வைப்பதே வழி. ராமானுஜனைப் பற்றி 1967-இல் நூலெழுதிய ரங்கநாதனுக்கு இது நன்கு தெரிந்திருந்தது.

நான்காம் விதி, வாசகருடைய காலத்தை வீணாக்கலாகாது என்பது. நடவு நாளில் ஒரு நாழிகையும் கூலிக்குச் சமானம். மூன்று முறை வந்தும் கதவு பூட்டியிருக்கக் கண்டவர் நான்காம் முறை வரமாட்டார். ஐந்தாம் விதி, நூல்நிலையம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிருள்ள பொருள் என்பது. திறப்பு விழாவன்று மாலை சூட்டப்பெற்று, அதன்பின் ஒரு புதுப் புத்தகமும் சேராத நூல்நிலையம் நீர் வரத்தற்ற ஏரியாகும்.

ஜனங்கள் நூல்நிலையத்துக்கு வர இயலாவிட்டால் நூல்நிலையம் ஜனங்களிடம் போகவேண்டும் என்பதும் இவ்விதிகளிலிருந்தே பிறக்கிறது. இதைச் செய்து காட்டியது மன்னார்குடி. அங்கே மேலவாசலில், பொறியாளராயிருந்த கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டுவண்டியையே நூல்நிலையமாக அமைத்தார். 1931-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அவ்வண்டி சுற்றுக் கிராமங்களுக்குப் புறப்பட்டது. உரமும் நெல்லும் ஏற்றிச் சென்ற பாதைகளிலே புத்தகங்களும் சென்றன. அயல்நாடுகளைப்போல மோட்டார் வண்டி வாங்கப் பணமில்லையே என்று அவர்கள் காத்திருக்கவில்லை; ஊரிலே எந்த வண்டி இருந்ததோ அதைக் கட்டினார்கள். உள்ளதைக்கொண்டு ஆரம்பிப்பது கூட்டுறவின் முறை. ஆகையால் மன்னார்குடி வண்டியைக் கூட்டுறவு அங்கத்தினர் மறக்கலாகாது.

இவை ஒரு சிலருடைய நற்குணத்தை மட்டும் நம்பி நடந்தால் நிலைக்கமாட்டா என்பதை ரங்கநாதன் அறிந்திருந்தார். கொடையாளி மறைந்தால் கொடையும் மறையும். ஆகவே நூல்நிலையத்துக்குச் சட்டத்தின் ஆதாரமும் நிலையான வருமானமும் வேண்டுமென்று 1930-இல் காசியில் கூடிய அகில ஆசியக் கல்வி மகாநாட்டில் ஒரு மாதிரிச் சட்டத்தை வைத்தார். சென்னை மாகாணத்தில் அதன் பயன் கைகூட மேலும் பதினெட்டு வருஷம் ஆயிற்று. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறியது. 1950-இல் அமுலுக்கு வந்தது. சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதற் சட்டம்.

இச்சட்டத்தின் உயிர்நிலை நூலக வரி. தமிழ்நாட்டில் சொத்துவரியும் வீட்டுவரியும் செலுத்துவோர் அவ்வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியும் சேர்த்தே செலுத்துகிறார்கள். அத்தொகை ஜில்லா நூலக ஆணைக்குழுவைச் சேர்ந்து, புத்தகங்களாகவும் கட்டடங்களாகவும் ஊழியர் சம்பளமாகவும் ஆகிறது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என நான்காயிரத்துக்கு மேற்பட்ட நூலகங்கள் இன்று இத்தமிழ்நாட்டில் இருக்கின்றன.

அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இவ்விடமே. வரி ரசீதை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொருவரும் நூல்நிலையத்தின் பங்குதாரர். சங்கத்தில் பங்குத்தொகையைக் கட்டிவிட்டு, ஆயுள் முழுவதும் ஒரு கடனும் கேளாமல், லாப ஈவும் வாங்காமல், பொதுக்கூட்டத்துக்கும் வாராமல் இருப்பவரை ஊரார் என்ன சொல்வார்கள்? நூலக வரியைச் செலுத்திவிட்டு நூல்நிலையத்தின் படியை மிதியாதவரும் அவரைப்போன்றவரே. அவர் கேளாததால் அவருக்கு மட்டும் நஷ்டம் என்பதன்று. வாசகர் வாராத நூல்நிலையத்துக்குப் புதுப் புத்தகம் வருவது குறையும். திறந்திருக்கும் நேரம் சுருங்கும். கடைசியில் கதவும் மூடும். அதனால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வரவேண்டிய புத்தகமும் வாராமற்போகும்.

ஆகவே சங்கங்கள் செய்யத்தக்க காரியங்கள் சில உள. ஊரில் நூல்நிலையம் இருந்தால், அது குடியானவர்கள் வயலிலிருந்து திரும்பும் மாலை வேளையில் திறந்திருக்கும்படி பஞ்சாயத்தின் மூலமாகக் கேட்கலாம். இல்லாவிட்டால், ஒன்றை அமைக்கும்படி ஆணைக்குழுவுக்கு மனுச் செய்யலாம்; சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை அளிக்க முன்வந்தால் அம்மனுவுக்குப் பலம் கூடும். அதுவரையில் சங்கத்திலேயே ஒரு திறந்த அலமாரி போதும். உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் லாபத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். இரண்டு தினசரிகள், பயிர்த்தொழில், கால்நடை, சுகாதாரம் பற்றிய தெளிவான புத்தகங்கள், சிறுவர் கதைகள், காவியங்கள், நாவல்கள் என்று கலந்து வாங்குவது நலம். பயன்தரும் புத்தகமே வேண்டும், கதை வேண்டாமென்று விலக்கக்கூடாது. கதைக்காக வருகிற கால்களே நாளடைவில் மற்ற அலமாரிக்கும் செல்லும். பெண்டிர் வந்து எடுக்கக் கூச்சப்படும் ஊரில், பள்ளிப் பிள்ளைகள் மூலமாகப் புத்தகங்களை வீட்டுக்கு அனுப்பலாம். வாரத்தில் ஒருநாள் மாலை, படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் உரக்கப் படிக்கட்டும்.

கொடுத்த புத்தகம் திரும்பாது என்று அஞ்சுவோருக்கு நாணய சங்கத்தின் அனுபவமே தக்க பதில். ஜாமீனும் தவணையும் பேரேடும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் கடன் கொடுத்து வசூலிக்கத் தெரிந்த சங்கத்துக்கு, நூறு புத்தகங்களைக் கொடுத்து வாங்குவது அரிதாகுமா? பெயர், புத்தகம், கொடுத்த தேதி, திரும்ப வேண்டிய தேதி என நான்கு பத்தி கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் கணக்கு முடிந்தது. தவிரவும், பணக் கடனுக்கும் புத்தகக் கடனுக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. ஒருவருக்குக் கொடுத்த நூறு ரூபாய் அவரிடத்தில் செலவாகிறது. அவர் சம்பாதித்துத் திருப்பினால்தான் அடுத்தவருக்கு உதவும். ஒருவர் படித்து முடித்த புத்தகமோ செலவாவதில்லை. படித்தவரிடத்திலும் தங்குகிறது, முழுமையாகத் திரும்பியும் வருகிறது. நூறுபேர் வாங்கினாலும் முதல் குறையாத மூலதனம் உலகில் இதுவொன்றே.

ஆளற்ற அறையில் சில தினங்கள் உட்கார்ந்திருக்க மனமில்லாமல் ஓட நினைத்த கணித ஆசிரியர், பின்னர் ஐம்பது வருஷத்துக்குச் சற்றே குறைந்த காலம் நூல்நிலையத்துக்கே உழைத்தார். எளிய வாழ்வு வாழ்ந்து மிச்சம்பிடித்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்கே கொடுத்து, நூல்நிலைய சாஸ்திரத்துக்குத் தம் மனைவியார் சாரதையின் பெயரால் ஓர் ஆசிரியர் பதவியை நிறுவினார். 1972-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். பிறவியில் இல்லாத காதல், ஜனங்கள் புத்தகத்தை எடுத்துப் பயன்பெறுவதைக் கண்ட மாத்திரத்தில் அவருக்கு உண்டாயிற்று. கிராமத்தாருக்கும் அது அவ்வாறே உண்டாகும். அதற்கு உபதேசம் வேண்டுவதில்லை. திறந்த கதவும் கைக்கெட்டும் அலமாரியும் போதும். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், கடன், உரம், வசூல் என்ற விஷயங்களோடு நூல்நிலையம் என்ற விஷயத்தையும் சேர்க்கும்படி அங்கத்தினர் ஒருவராவது காரியதரிசிக்கு எழுதிக் கொடுப்பாராக.